போன வருஷம் போலவே

ஃபுடிங் மலையடியில்
பதினோராம் நாளாக மழை.
மூங்கில் தட்டுகளைக் கூரைக்குள் இழுத்து
மின்விசிறிக் காற்றில் வாட்டுகிறார்கள்
மொட்டுகளை.

வறுக்காமல், உருட்டாமல், ஆவி காட்டாமல்
வாடவிட்டு வாடவிட்டே
ஆகிற தேயிலை இது.
மனுஷக் கை அதிகம் படாத சரக்கு.
அதனால்தான்
புகை பட்டால் புகை,
மழை பட்டால் மழை,
பக்கத்து வீட்டுச் சண்டை பட்டால்
அதுவும் கோப்பையில் தெரியும் என்பாள்
லெய் யூமின்.

ஆன்ட்வெர்ப்பிலிருந்து கடிதம் வந்திருக்கிறது:
'நானூறு கிலோ.
போன வருஷம் போலவே.'

ஏழு வெள்ளைக் கோப்பைகள்.
மூன்று கிராம், கொதி தணிந்த நீர்,
ஐந்து நிமிஷம்.
வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்கள்
வெள்ளைத் தேநீர் என்ற பெயரில் ஏமாறுவார்கள்.
நிறம் என்னவோ
வைக்கோல் ஊறிய தண்ணீர்தான்.

புதுத்துணி கிழிவதுபோல்
கரண்டியிலிருந்து உறிஞ்சுகிறாள்.
சொல்லச் சொல்ல எழுதுகிறான்
கொழுந்தன் லான் பாவ்ஷெங்.
விற்கத் தெரிந்தவன், சுவைக்கத் தெரியாதவன்;
விடிந்ததும் பச்சைப் பூண்டு தின்கிறவன்.

ஒன்று, வெள்ளரிப் பிஞ்சு.
இரண்டு, நனைந்த காகிதம்.
மூன்று, துவைத்துக் காயாத போர்வை.
நான்கு,
நான்கு...
'ஒன்றுமில்லை.'
'ஒன்றுமில்லை என்றா எழுத?'
'ஒன்றுமில்லை என்றே எழுது.'

பிறகு கலவைகள்.
வெள்ளி ஊசி ஐந்து பங்கு, பியோனி மூன்று,
நீள்புருவம் இரண்டு.
தட்டை.
மூன்று வருஷப் பழையதில் ஒரு சிட்டிகை:
பேரீச்சை வந்து உட்கார்ந்துகொண்டு
பிஞ்சுகளை எழுந்துபோகச் சொன்னது.
குறைத்தாள். கூட்டினாள். கொட்டினாள்.
எல்லாம் இருந்தது,
ஏதோ ஒன்று இல்லை.

நடுப்பகலில் பிடிபட்டது.
போன வருஷம் தட்டுகள் காய்ந்தது
துறைமுகம் பார்த்த மொட்டைமாடியில்.
அடுத்த மாடியில்
கயிறு கயிறாகக் கடற்பாசி.
வடகாற்று அதைத் தொட்டுவிட்டு
இதைத் தொட்டது.
உப்பு அல்ல அது;
உப்பு வந்துபோன இடம்.

இப்போது அந்த மாடியில்
சூரியத் தகடுகள்,
சூரியன் இல்லாமல்.

'ஒரு துண்டு பாசியைச் சாக்கில் போட்டால் என்ன?'
என்றான் பாவ்ஷெங்.
அவள் பார்த்த பார்வையில்
பூண்டு வாடையே கொஞ்சம் பின்வாங்கியது.

இரவு, கழுவப் போனபோது
நாலாம் கோப்பை
ஆறி அப்படியே இருந்தது.
கொட்ட மனமின்றிக் குடித்தாள்.

நாக்கு எதையும் சொல்லவில்லை.
விழுங்கினாள்.
துணியை எடுத்தாள், ஒரு கோப்பை துடைத்தாள்.
இரண்டாவதைத் துடைக்கும்போது,
நெல்லிக்காய் தின்ற வாயில்
தண்ணீர் பட்டதுபோல்
அடித்தொண்டையிலிருந்து
தாமதமாக ஓர் இனிப்பு
ஏறி வந்தது.
நின்றாள்.
இன்னும் ஏறியது.

கலவையில் அதில் ஒரு கை சேர்த்துப் பார்த்தாள்.
காணாமல் போனது.
கூட்டத்தில் வாய் திறக்காத ஜாதி.

அப்புறம் உட்கார்ந்து எழுதினாள்:
'போன வருஷம் தீர்ந்துவிட்டது.
இது இந்த வருஷம்.
நான்காம் எண், இருபது கிராம் அனுப்புகிறேன்.
கலக்க வேண்டாம்.
ஆறவிட்டுக் குடியுங்கள்.
குடித்தபின் கொஞ்சம் பொறுங்கள்.'

மெல்லிய காகிதத்தில் மொட்டுகளை மடித்து
கடிதத்தோடு உறையில் வைத்துவிட்டு
விளக்கணைத்துப் போனாள்.

காலையில் பாவ்ஷெங் படித்தான்.
தலையைச் சொறிந்தான்.
கீழே பொடியெழுத்தில் ஒரு வரி சேர்த்தான்:
'கிட்டத்தட்ட போன வருஷம் போலவே.'

பிறகு
உறையின் பசை விளிம்பை
இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை
நிதானமாக
நாக்கால் நக்கி ஒட்டினான்.
அப்போதுதான் தின்று முடித்திருந்தான்
அன்றைய பூண்டை.