பள்ளம்

ஜனவரி. வினிப்பெக். மைனஸ் முப்பத்தொன்று.
இந்த ஊரில் பெட்ரோல் கார்களுக்கும் வால் உண்டு,
எஞ்சின் உறைந்துவிடாமல் இரவெல்லாம்
சுவரைப் பிடித்துக்கொண்டே தூங்கும்.
அதனால் எங்கள் மின்காரை
யாரும் விசித்திரமாகப் பார்த்ததில்லை.

பரிதி நள்ளிரவில் சாப்பாட்டு டெலிவரி முடித்து வருவான்.
இருபது சதவீதத்தில் வண்டியைச் சொருகிவிட்டுப் படுப்பான்.
ஐந்தேகாலுக்கு நான் ஆய்வகத்துக்குக் கிளம்புவேன்.
அவன் விட்டதை நான் தொடுவேன்.
விட்ட குறை தொட்ட குறை என்பது எங்கள் வீட்டில்
ஒரு சாவிக்கொத்து.

எண்பதில் இருக்கவேண்டும்.
அறுபத்தாறில் இருந்தது.

குளிர் என்றேன் முதலில்.
இங்கே எதற்கும் குளிரைச் சொல்லிவிடலாம்,
எதிர்த்துப் பேசாது.
டைமரை அணைத்தேன். அறுபத்தாறு.
பிரேக்கரைத் தொட்டுப் பார்த்தேன்,
குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் புறங்கையால்.
சூடில்லை.
உதவி எண்ணில் ஒரு குரல்
அணைத்துவிட்டு, பத்து எண்ணி, திரும்பப் போடச் சொன்னது.
எண்ணினேன்.
தமிழில் எண்ணியதாலோ என்னவோ பலிக்கவில்லை.

கடைசியில் பரிதியிடம் வந்தேன்.
"சரியா சொருகினியா?"
"சொருகினேன்."
"க்ளிக் கேட்டுச்சா?"
"உன் மேல சத்தியமா கேட்டுச்சு."
அந்த வாரத்தில் நாங்கள் பேசியதிலேயே
நீளமான உரையாடல் அதுதான்.

சார்ஜ் துளையில் படிந்த பனியைப்
பழைய பல்துலக்கியால் சுரண்டிய மறுநாள்
எண்பது வந்தது. அதற்கடுத்த நாளும் எண்பது.
பல்துலக்கியைக் கழுவி, துடைத்து,
டாஷ்போர்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.
ஞாயிறு காலை
அறுபத்தாறு.

பிறகுதான் கைபேசியில் கோட்டைப் பார்த்தேன்.
தட்டையான இரவின் நடுவே ஒரு பள்ளம்.
ஒன்று நாற்பதுக்கு இறங்கி
இரண்டு ஐம்பதுக்குக் கரையேறுகிறது.
திங்கள் பள்ளம், செவ்வாய் பள்ளம், புதனும் அப்படியே.
வியாழன், வெள்ளி இரவுகள் மட்டம்.
சனிக்கிழமை மறுபடி.

வாரவிடுமுறை எடுக்கும் கோளாறை
அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

நாங்கள் இருப்பது பேஸ்மென்ட்.
மொத்த வீட்டின் மின்சாரமும்
எங்கள் கட்டிலுக்கு அடுத்த அறையில்தான் இறங்குகிறது.
கையும் களவுமாகப் பிடிக்க
ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில், ஸ்வெட்டரோடு உட்கார்ந்தேன்.

பன்னிரண்டே முக்காலுக்கு மேலே பக்கவாட்டுக் கதவு.
பூட்ஸிலிருந்து பனியை உதறும் இரண்டு தட்டு.
கொஞ்ச நேரத்தில் வாஷரின் இரைச்சல்.
அது ஓய்ந்து, ஒன்று நாற்பதுக்கு
டிரையர் சுழலத் தொடங்கியது,
ஏதோ ஒரு ஜிப் தகரத்தில் டிங் டிங்கென்று.
என் முகத்துக்கு நேரே சாம்பல் பெட்டி
"டக்" என்றது.
ஜன்னலுக்கு வெளியே வண்டியின் பச்சை விளக்கு அணைந்தது.

பெட்டியை மாட்டிய அன்றே ரெமி சொல்லியிருந்தான்:
இந்த வீட்டுக்கு நூறு ஆம்பியர்தான்,
எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டால்
வண்டி காத்திருக்கும்.
தலையாட்டிக் கையெழுத்துப் போட்டவள் நான்தான்.

மேல்வீட்டு லிகாயா மறுநாள் நடைபாதையில்
பனி தள்ளிக்கொண்டிருந்தாள்.
முதியோர் இல்லத்தில் மாலை ஷிப்ட்.
சீருடை இரண்டே ஜோடி,
தினமும் யாராவது ஒருவர் அதில் வாந்தியெடுக்கிறார்கள்.
"டிரையர் சத்தம் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறதா?"
அவள்தான் முதலில் கேட்டாள்.
இல்லவே இல்லை என்றேன்.
அவள் கேள்விக்கு அது உண்மையான பதில்தான்.

அன்றிரவு ஆம்பியரைக் குறைத்து வைத்துப் பார்த்தேன்.
பள்ளம் மறைந்தது.
இரவு முழுவதும் கோடு தாழ்ந்தே ஓடி
காலையில் அதே அறுபத்தாறில் வந்து நின்றது.
மேட்டைச் செதுக்கித்தானே பள்ளத்தைத் தூர்க்கவேண்டும்.
பழையபடியே விட்டுவிட்டேன்.
இப்போது வெள்ளியும் சனியும் மட்டும்
பரிதி டிரான்ஸ்கோனா வரை ஆர்டர் எடுக்கிறான்.

நேற்று உதவி எண்ணிலிருந்து அழைத்தார்கள்.
கோளாறு போய்விட்டதா?
வேலைக்குப் போயிருக்கிறது என்றேன்,
பன்னிரண்டே முக்காலுக்குத்தான் வரும்.