டேங்கில் மிச்சமிருந்த காற்று

ஊசி பாயிண்ட் இரண்டா, மூன்றா, ஐந்தா என்று
மூன்று சம்பளத் தேதிகளைத் தள்ளிப்போட்டேன்.
இரண்டு, தலைமுடிக் கோடு போடும்.
ஆனால் எங்கள் ஊர் வெயிலுக்கு மூக்கடைத்துக்கொள்ளும்.
ஐந்து, கேட்டுக்குப் பெயின்ட் அடிக்க லாயக்கு.
மூன்று என்று முடிவெடுத்த அன்று
பள்ளத்தூர் லைனில் மயில் விழுந்து
ராத்திரி முழுக்கக் கம்பத்தடியில் நின்றேன்.

முதலில் ஆரோக்கியத்தின் பஞ்சர் கடையில்தான்
கம்ப்ரஸரில் மாட்டிப் பார்த்தேன்.
அது லாரிக்கென்று பிறந்த மூச்சு.
எழுபத்திரண்டில் ஒரு பங்காய்ச் சுருங்கிய டகோட்டாவின்
வால்சிறகு பிய்ந்து பறந்து
ட்யூப் முக்கும் தொட்டியில் மிதந்தது.
"இப்பத்தான் சார் நெசமாப் பறக்குது" என்றான்.
காற்றோடு வந்த ஈரம்
இறக்கை முழுக்க அம்மை போட்டிருந்தது.

அதனால் சின்னதாக ஒன்று, ஈரம் பிடிக்கும் குப்பியோடு.
டேங்க் இல்லாததென்றால் நாலாயிரம் மிச்சம்.
"விடிய விடிய கடகடன்னா எவ தூங்குறது?"
கலாராணி கேட்டாள்.
டேங்கோடு வாங்கினேன்.
நிரம்பினால் தானாக வாயை மூடிக்கொள்ளும்.
வீட்டில் வேறு யாருக்கும் வராத பழக்கம்.

பாலைப்போல் கலக்கு என்கிறார்கள்.
எந்தப் பால்? டீக்கடைப் பாலா, பச்சைப் பாக்கெட்டா?
ஒரு சொட்டு தின்னர் கூடினால்
இறக்கையில் எட்டுக்கால் பூச்சி கால் விரிக்கும்.
ஒரு சொட்டு குறைந்தால் ஊசிமுனையில் பொருக்கு.
சித்திரையில் பெயின்ட் போய்ச் சேருமுன்பே
நடுவழியில் காய்ந்து
மாவாய் உதிரும்.
பத்து மணிக்கு மேல்தான் உட்காருவேன்,
ஃபேனை நிறுத்திவிட்டு, பனியனோடு.

அமுக்கினால் காற்று. பின்னுக்கு இழுத்தால் நிறம்.
தொடங்கும்போது காற்றை முதலில் திற,
முடிக்கும்போது நிறத்தை முதலில் நிறுத்து.
மாற்றிச் செய்தால் துப்பும்.
பதினோரு வருடமாக ஆபீஸ் போனில்
நான் மாற்றித்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

மாட்டுப் பண்ணைக்கு அந்தப் பக்கம்
சண்டைக் காலத்து ஓடுதளம் கிடக்கிறது.
விரிசலெல்லாம் ஆவாரஞ்செடி.
எந்த விமானம் இறங்கியதென்று எனக்குத் தெரியாது,
டகோட்டா என்று நானாக வைத்துக்கொண்டேன்.
ஓரத்து மண்ணை மாத்திரை டப்பாவில் அள்ளினேன்.
ஒரு பசு பார்த்தது. எதுவும் கேட்கவில்லை.

பழுப்பு ஆறு, ஆரஞ்சு இரண்டு, சாம்பல் ஒன்று.
டப்பாவை ஒட்டிப் பிடித்தால் ஒட்டவில்லை.
மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள் எட்டிப் பார்த்து
"செம்மண்ணா? பெட்டாடின் மாதிரில்ல இருக்கு" என்றாள்.
மஞ்சள் ஒரு சொட்டு. சிரிஞ்சும் அவள்தான் தந்தாள்.

பத்தே முக்கால்.
இடது சக்கரம் முடிந்து வலதுக்குத் திரும்புகையில்
கரன்ட் போனது.

கம்ப்ரஸர் நின்றுவிட்டது, காற்று நிற்கவில்லை.
முள் இருபத்திரண்டில்.
கலாராணி என் போனை டார்ச்சாகப் பிடித்தாள்.
பிடித்த மறுநொடி அது அடித்தது.
வெளிச்சம் கிடுகிடுவென ஆடியது.
"சேவுகன் சார், அரிசி மில்லு பெரியகருப்பன்.
கரன்ட் எப்ப வரும்?"
"அவரு கையில வேலையா இருக்காரு" என்றாள் அவள்.
பொய் இல்லை.

பதினெட்டு. வலது சக்கரம்.
பதினான்கு. வயிற்றின் அடிப்பக்கம்.
மறுபடி போன், மறுபடி ஆட்டம்.
பத்துக்குக் கீழே மூச்சு திணறி
நிறம் பூவாய் வராமல் பொடிப்பொடியாய் விழுந்தது.
கெட்டது என்று விரலை எடுக்கப் போனேன்.
"இருங்க" என்று டார்ச்சைக் கிட்டே கொண்டுவந்தாள்.

சக்கரத்துக்குப் பின்னால்
சரளை தெறித்திருந்தது.
இறங்கிய விமானத்துக்குத் தெறிக்கும் இடத்தில், அப்படியே.
மூன்று மாதமாக எந்த ஊசியிலும் வராதது.

நிறத்தை நிறுத்தினேன்.
காற்று தானாகத் தீர்ந்தது.

கிண்ணத்தில் தின்னர் ஊற்றி, ஊசியை உருவித் துடைத்து
பேன்ட்டைத் தேடினேன்.
ஏழு மிஸ்டு கால்.
எட்டாவது லைன்மேன்:
"மயிலுதாண்ணே.
அதே கம்பம்."