மிக்ஸி ஓடாத நாட்கள்

நான்கு நாளாய்ச் சில்வண்டைத் தொடவில்லை.
வயிற்றோரத் தட்டுகள் விலகி
இடையில் வெளிறிய தோல் தெரிகிறது,
பித்தான் பிதுங்கும் சட்டைபோல.
ஓட்டுச்சில்லுக்கு அடியில்
கொடுக்கைத் தரையில் கிடத்திவிட்டு
நட்டுவாக்காலி
யாருக்கும் பதில் சொல்லாமல் இருக்கிறது.

மர்ஃபி டவுனில் இரண்டாம் மாடி, ஒற்றை அறை.
பிப்ரவரிக் காற்றில் மனிதர் உதடே வெடிக்கிறது.
பிலோமினா இஸ்திரிக்குத் தெளிக்கும் பாட்டிலை எடுத்துப்
பெட்டியின் ஒரு மூலையை மட்டும் நனைக்கிறேன்.
முழுக்க நனைத்தால் பூஞ்சணம்.
நனைக்காவிட்டால் பழைய தோல் இறுகிவிடும்.
லாரித் தண்ணீர் வந்து மூன்று நாள்.
"எனக்குக் குளிக்க அரை வாளி,
அதுக்கு மழையா?" என்றாள்.
கேட்டுவிட்டுப் பாட்டிலை நிரப்பி வைத்தாள்.

போன வருடம் ஒன்று இருந்தது.
முன்பக்கம் கிழிந்து, தலையும் இடுக்கியும் வெளியே வந்து,
பின்காலில் சிக்கிக்கொண்டது.
இரண்டு மணி நேரம் பார்த்தேன். பொறுக்கவில்லை.
புருவ முடி பிடுங்கும் இடுக்கியால் மெல்ல,
மிக மெல்லத்தான் இழுத்தேன்.
கால் வந்தது. தோல் வரவில்லை.
என்னைக் கொட்டியிருக்கலாம்.
கொட்டக்கூட முடியாத மென்மையில் இருந்தது அது.
தேள் கொட்டிய திருடனுக்காவது
வாயை மூடிக்கொள்ள ஒரு வலி இருக்கிறது.

இந்த முறை கையைக் கட்டிக்கொண்டேன்.
சில்வண்டுகளை ஒவ்வொன்றாய் வெளியே எடுத்தேன்.
ஒன்பது.
பத்து என்றுதான் விற்றான் சிவாஜிநகர்க் கடைக்காரன்.
மிச்சம் ஒன்று பெட்டிக்குள் இருக்கிறதா,
அவன் கணக்கில் இருக்கிறதா?
இளந்தோலை ஒரு சில்வண்டே கடித்துத் தின்றுவிடும்.
மண்ணைக் கிளறித் தேடவும் முடியாது, அதிரும்.

மின்விசிறியை நிறுத்தினோம்.
மிக்ஸிக்குத் தடை. தினமும் இட்லிக்குப் பொடிதான்.
கீழ்வீட்டு நாகரத்னம்மா படியில் மறித்துக்
கன்னடத்தில் கேட்டார்: சத்தமே இல்லையே, சண்டையா?
"வீட்டில் ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை"
என்றாளாம் பிலோமினா,
பொய் சொல்லத் தெரியாதவள்.

பெட்ரோல் பங்க்கில் எனக்குக் கல்லா வேலை.
ஆறாம் நாள் இரவு
கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கைச்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன்,
விடிவதற்குள் திருப்பி வைக்கிற எண்ணத்தோடு.
இரண்டு மணிக்கு
மூடியின் ஓட்டை வழியே ஒரு கணம் காட்டினேன்.

எரிந்தது.
எட்டுக் கால், இரண்டு இடுக்கி, வால் கணுக்கள்,
அத்தனையும் பச்சையாய்.
அசைவில்லை.
பிலோமினா என் தோளைப் பிடித்தாள். "போச்சா?"

அந்த வெளிச்சத்தின் பக்கத்தில்
ஒரு துண்டு இருட்டு நகர்ந்தது.

எரிந்தது உரித்த சட்டை.
புது உடம்பில் ஒளி இன்னும் ஏறவில்லை.
கல்லாவில் இதைத்தானே தினமும் செய்கிறேன்:
விளக்கடியில் பளீரென்கிற தாளைத் திருப்பித் தந்து
மங்கிக் கிடப்பதை வாங்கிப் போடுவது.
அவளிடம் சொன்னேன்.
"முதல்ல விளக்கை அணைங்க, அதுக்குக் கூசும்."

காலையில் பார்த்தால் திரட்டுப்பால் நிறம்.
மறுநாள் பழுப்பு. அப்புறம் வெல்லப்பாகு.
கருப்பு வர ஒரு வாரம் ஆனது.
பத்தாவது சில்வண்டு
காஸ் சிலிண்டருக்குப் பின்னாலிருந்து
ராத்திரி முழுக்கக் கத்தியது.
பிடிக்கப் போகவில்லை.

பதினான்காம் நாள் தேங்காய்ச் சட்னி.
மிக்ஸி அலறிய நொடியில்
பெட்டிக்குள் வால் நிமிர்ந்து
கொடுக்கு வளைந்து நின்றது.
"பாத்தீங்களா, கோவம் வந்திருச்சு!" என்றாள்,
பிள்ளைக்குப் பல் முளைத்ததைச் சொல்லும் குரலில்.