முதல் நாள் சொல்ல வேண்டியவை

துறைத்தலைவர் தந்த தாளில் பத்துக் குறிப்புகள்.
நேரத்தை நிர்வகி. குறிப்பெடு. கவனம் சிதறாதே.
மைக்கைப் பிடித்து அப்படியே வாசித்தால் போதும் என்றார்.
பாளையங்கோட்டை, கல்லூரிக் கூடம்,
மின்விசிறிகளுக்குக் கீழே இருநூறு முதலாண்டுப் பிள்ளைகள்,
பாதிப் பேர் ஏற்கெனவே போனுக்குள்.

தாளை மடித்துவிட்டேன்.

முதலில் இடம்.
எங்கள் பணகுடியில் ஆடிக் காற்று
கேட்காமலே மைக்குக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.
வாய்மொழித் தேர்வில் சென்னைக் குரல் ஒன்று கேட்டது:
"கடற்கரையில் இருக்கிறீர்களா?"
"இல்லை சார், வீட்டில்தான்."
அடுத்த தடவை பீரோவைத் திறந்துவைத்து
அம்மாவின் சேலைகளுக்குள் தலையை நுழைத்துப் பேசினேன்.
குரல் கண்ணாடி மாதிரிப் போனது.
சிரிக்காதீர்கள்,
எண்பத்தொரு மதிப்பெண், அந்துருண்டை வாசத்தோடு.

வீட்டில் சொல்லிவையுங்கள்.
போனைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறவள் என்று பேர் விழுந்தால்
தண்ணீர் லாரி வந்தாலும் நீங்கள்தான்,
தபால்காரர் வந்தாலும் நீங்கள்தான்.
ஒரு நாள் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து
செலவுக் கணக்கியல் முழுப் பாடமும் கேட்கவைத்தேன்.
இருபதாவது நிமிடம்
"இந்த ஆளு மூச்சே விட மாட்டானா?" என்றாள்.
மறுநாள் குடம் தம்பி கைக்கு மாறியது.

கெடு தேதிகளை
சிலிண்டர் வந்த நாள் எழுதுகிற காலண்டரிலேயே எழுதுங்கள்.
பிறகு வீடே உங்களை விரட்டும்.
ஞாயிறு இரவு பதினொன்று ஐம்பத்தெட்டை நம்பாதீர்கள்,
ஜில்லா முழுக்க அப்போதுதான்
ஒரே ஊசிக்காதில் நுழையப் பார்க்கும்.
இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டால்
மண்டையில் தங்குவது அவசரம் மட்டும்.

இனி, தாளில் இல்லாதது.

முப்புடாதி என்று ஒருத்தி, வீரவநல்லூர்க்காரி,
என் குழுவில் இருந்தாள்.
கேமரா அணைந்த கறுப்புக் கட்டம்,
நடுவில் 'மு' என்று ஒற்றை எழுத்து.
நாற்பத்தொரு நாள், ஒரு வகுப்பு விட்டதில்லை.
"முப்புடாதியைப் பாருங்கள்" என்று பாராட்டு வேறு.
அவளோ வண்ணார்பேட்டை ஜவுளிக்கடையில், நின்ற காலில்.
வேலை நேரத்தில் போனைப் பூட்டிவைக்க வேண்டும்.
பணியாளர் அலமாரிக்குள், சாப்பாட்டுத் தூக்குக்குப் பக்கத்தில்,
இருட்டில்
அவள் போன் மட்டும் ஒழுங்காகப் பாடம் கேட்டது.

பேர் சொல்லிக் கூப்பிட்டபோதெல்லாம் கட்டம் பேசவில்லை.
"நெட் பிரச்சினை சார்" என்று
மூன்று தடவை தட்டச்சியது நான்.
உதவி என்றுதான் நினைத்தேன்.

தேர்வன்று கட்டமும் இல்லை.

தீபாவளிக்குத் துணி எடுக்கப் போன இடத்தில்,
மூன்றாம் மாடி, சுடிதார் மடித்துக்கொண்டிருந்தாள்.
முகத்தை அன்றைக்குத்தான் பார்க்கிறேன்,
குரலை வைத்து அவள்தான் என்னைக் கண்டுபிடித்தாள்.
"ஏட்டி, ஒருக்கா கூப்பிட்டிருக்கலாம்லா?"
கோபமில்லை.
அதே மூச்சில் கேட்டாள்,
"மீடியமா, லார்ஜா?"

அதனால்
இப்போது எல்லோரும் போனைக் கவிழ்த்து வையுங்கள்.
பக்கத்தில் இருப்பவர் நம்பரைக் காகிதத்தில் எழுதுங்கள்.
ஆமாம், காகிதத்தில். சார்ஜ் தீர்ந்தாலும் இருக்கும்.
மூன்று நாள் அந்தக் கட்டம் பேசாவிட்டால்
ஹாய் அனுப்பாதீர்கள்.
கூப்பிடுங்கள்.
எடுக்காவிட்டால் மறுபடியும்.

பேனா இல்லாதவர்கள் கை தூக்குங்கள்.

கூடமே கை தூக்குகிறது.
துறைத்தலைவர் எழுந்து
சட்டைப்பையிலிருந்து இரண்டு பேனாக்களைக் கழற்றி
யாருக்குக் கொடுப்பதென்று தெரியாமல் நிற்கிறார்.
மூன்றாம் வரிசையில் ஒருத்தி
பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் காட்டி
பக்கத்தில் இருப்பவளிடம் கேட்கிறாள்,
"கடைசியில இது ஏழா, ஒண்ணா?"