இருபத்தாறாம் தேதி, மொட்டை மாடி

மின்கட்டண ரசீதின் பின்பக்கத்தில் ஆரம்பித்து
கேக் டப்பா மூடியில் முடிகிறது பட்டியல்.
முப்பத்துநான்கு பேர்.
மோசஸ் சித்தப்பாவுக்கு எண்பத்தொன்று, இரண்டு முட்டியும் புதுசு.
ஈத்தனுக்கு ஒன்பது மாதம், பல் இரண்டு, அதுவும் கீழ்வரிசை.
இவர்கள் இருவரும் சேர்ந்து ஆட ஒரு விளையாட்டு
பெரம்பூரில் எந்தக் கடையில் விற்கிறது?

மியூசிகல் சேர்: அடித்தாயிற்று.
போன வருடம் ஹெப்சிபா அண்ணி உட்கார்ந்த வேகத்தில்
வாடகை நாற்காலி இரண்டாகி
பந்தல்காரர் முன்பணத்தைத் திருப்பவில்லை.
எலுமிச்சை ஸ்பூன்: மாடித் தரை
தண்ணீர்த் தொட்டிப் பக்கம் சரிவு,
எல்லாப் பழமும் ஒரே மூலைக்கு உருண்டு போகும்.
ஜோடிப் பொருத்தம்:
கணவனுக்குப் பிடித்த குழம்பு எது,
மனைவியின் செருப்பு அளவு என்ன.
ஜூலையில் கோர்ட்டுக்குப் போய்வந்த கிளாடிஸ்
கைதட்டிக்கொண்டு ஓரமாக நிற்பாள்.
அழுத்தி அடித்தேன், பேனா மறுபக்கம் வந்தது.

தம்போலா நடக்கும். தம்போலா எப்போதும் நடக்கும்.
எண்ணை டென்சில் மாமா கூப்பிடுவார்,
பெட்டித் தொழிற்சாலையில் முப்பது வருடம்
இயந்திரத்துக்கு மேலே பேசிய குரல்,
மைக் வாடகை மிச்சம்.
பரிசு பவர் பேங்க் என்றால்தான்
பொடுசுகள் போனைக் கீழே வைக்கும் என்றான் என் மகன்.
நான் வாங்கியது பிளாஸ்டிக் வாளி, ஆறு,
பூக்கடைப் பக்கம், பேரம் பேசி.

பட்டியலில் எழுதாதது ஒன்று.
சாமிதாஸ் அத்தானும் பிரபுவும்
அயனாவரம் வீட்டை விற்றதிலிருந்து பேசுவதில்லை.
மூன்று கிறிஸ்துமஸ்.
ஒரே அண்டாவில் பிரியாணி,
கரண்டி மட்டும் மூன்றாம் ஆள் வழியாகக் கை மாறும்.

மூன்று கால் ஓட்டம் வைத்தேன்.
யாரோடு யார் என்பது சீட்டுக் குலுக்கலில்.
ராத்திரி பதினொன்றரைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு
ஒரு கிண்ணம் முழுக்க "சாமிதாஸ்" என்று எழுதி மடித்தேன்,
இன்னொரு கிண்ணம் முழுக்க "பிரபு".
முதல் ஜோடிக்கு இவை, பிறகு மாற்றிவிடலாம்.
ஓய்வுநாள் பள்ளியில் பத்துக் கட்டளை சொல்லித் தருகிறவள் நான்.
கை நடுங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சீட்டெடுக்க கள்ளமில்லாத கை வேண்டும் என்று
ஈத்தனைத் தூக்கி வந்தேன்.
ஒன்று எடுத்தான்.
திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
வாயில் போட்டான்.

ஐயோ என்று முப்பது தொண்டை.
நான் அசையுமுன்
சாமிதாஸ் அத்தான் தாடையைப் பிடித்துவிட்டார்,
பிரபு விரலை விட்டான்.
"அண்ணா, கெட்டியா புடி."
"புடிச்சிருக்கேன்டா, நாக்குக்கு அடியில பாரு."
"கடிக்கிறான்."
"ரெண்டு பல்லுதானே, கடிக்கட்டும்."

வெளியே வந்தது ஈரக்கூழ்.
யார் பெயர் என்று யாருக்கும் தெரியவில்லை.
குழந்தை அழ, அவன் அம்மா என்னை முறைக்க,
அதற்குள் தூறல்.
ஆளுக்கொரு நாற்காலியோடு எல்லோரும் படியிறங்கினார்கள்.
இரண்டு கிண்ணத்தையும் முந்தானைக்குள் மறைத்துப் போய்
கழிவறையில் கொட்டி இரண்டு முறை தண்ணீர் ஊற்றினேன்.

கூடத்தில் தம்போலா.
அண்ணனும் தம்பியும் பழையபடி ஆளுக்கொரு சுவர்.
டென்சில் மாமா அறுபத்தேழு என்று கத்தியபோது
பிரபு விரலை ஊதிக்கொண்டிருந்தான்.
அத்தான் பார்த்தார்.
பார்த்துவிட்டுத் தன் சீட்டில் எதையோ அடித்தார்.
நாலைந்து எண் கழித்து
காலண்டரைப் பார்த்தபடி
"டெட்டால் போட்டாச்சா?" என்றார், பொதுவாக.
பொதுவாக ஒரு "ம்" வந்தது.

ஃபுல் ஹவுஸ் மோசஸ் சித்தப்பாவுக்கு.
வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
கிரீடம் என்றார்.

கேக் டப்பா மூடியில் இன்னும் இடமிருக்கிறது.
அடுத்த வருடம்
சீட்டைக் கொஞ்சம் பெரிதாக வெட்ட வேண்டும்.