காவலாளி இரண்டு

காலை ஐந்து பத்துக்கு முகவரின் செய்தி:
"அங்கள், இன்னிக்கு செக்யூரிட்டி.
கறுப்புச் சப்பாத்து சொந்தமா கொண்டு வாங்க."

காரின் பின்பெட்டியில் எல்லாரும் இருக்கிறார்கள்.
சவ்கிட்டில் வாங்கிய ஸ்டெதஸ்கோப்போடு டாக்டர்,
சலவைக்கடைப் பைக்குள் வக்கீல்,
சம்பந்தியின் பட்டு வேட்டி,
ஒட்டுமீசை டப்பாவில் ஒரு இன்ஸ்பெக்டர்.
செந்தூல் அடுக்ககத்தின் மூன்றாம் மாடியிலிருந்து
இறங்கி வருகிறவன் மட்டும்
அருளப்பன்.

தமிழ் நாடகம் என்றால் எனக்கு நெஞ்சுவலி.
மூன்றாம் பாகத்துக்குள் வந்துவிடும்.
பெண்ணைப் பெற்றவன், வேறென்ன செய்ய?
பதினோரு முறை இடது மார்பைப் பிடித்திருக்கிறேன்,
ஒருமுறை அவசரத்தில் வலதை.
யாரும் கவனிக்கவில்லை. செத்துத்தான் போனேன்.
பிரிக்பீல்ட்ஸ் கல்யாண மண்டபத்தில்
பந்தியில் எதிரே இருந்த அம்மாள்
அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே கேட்டார்:
"இப்ப உங்களுக்குப் பரவாயில்லையா?"

மலாய் நாடகம் என்றால் வாசலில் நிற்பேன்.
எனக்கு வாக்கியம் ஒன்று, சில நாள் ஒன்றரை.
இன்று: "என்சிக், தக் போலே மாசோக்."
"அங்கள், இன்னும் கொஞ்சம் உடைச்சுப் பேசுங்க,
அந்தக் காலத்து அங்கள்மார் பேசுவாங்களே, அப்படி"
என்றார் இயக்குநர். நல்ல பிள்ளை.
மத்தியானச் சாப்பாட்டை முதலில் என்னிடம்தான் நீட்டுவார்.

கெப்போங் இடைநிலைப் பள்ளியில்
இருபத்தேழு ஆண்டு மலாய் இலக்கணம் நடத்தினேன்.
முன்னொட்டு எங்கே சேரும், சேரும்போது
எந்த எழுத்து கரையும்,
சிவப்பு மையில் எத்தனை ஆயிரம் வட்டம்.
இந்த வசனத்தாளிலேயே இரண்டு பிழை.
மேக்கப் நாற்காலியில் இருந்தபோது
பழக்க தோஷத்தில் திருத்திவிட்டேன்.
பிறகு பேனாவை மூடி வைத்து
நாக்கை எங்கே மடித்தால் ஒரு மொழி நொண்டும் என்று
தேடத் தொடங்கினேன்.
அதற்கும் இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும்.

மோண்ட் கியாரா அடுக்ககத்து வாசல்.
உண்மையான காவலாளி நேபாளத்துக்காரர், மன் பகதூர்.
அவருடைய கூண்டை எங்களுக்கு
ஒரு பகல் வாடகைக்கு விட்டிருந்தது நிர்வாகம்.
கம்பத்துக்கு அந்தப் பக்கம்
பிளாஸ்டிக் முக்காலியில் இருந்தார்.
எனக்குத் தந்த தொப்பி பொருந்தவில்லை என்று
தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார்.
உள்ளே இன்னும் ஈரம்.
"எந்தக் கம்பெனி?" என்று கேட்டார்.
சொல்லத் தெரியவில்லை.

ஆறாவது டேக். கார் வந்தது.
அது எங்கள் கார் இல்லை.
ஹார்ன் இரண்டு முறை.
மன் பகதூர் எழுவதற்குள்
என் கை நெற்றிக்குப் போயிருந்தது.
கம்பத்தைத் தூக்கினேன்.
பிசகில்லாத மலாயில், பாடப்புத்தக மலாயில்,
தாமதத்துக்கு மன்னிப்புக் கோரினேன்.
படப்பிடிப்பு நடப்பதால் உள்ளே
இடப்பக்க வழியில் செல்லுமாறு கேட்டுக்கொண்டேன்.
அந்த ஆள் என்னைப் பார்க்கவில்லை.
சன்னல் வழியே ஒரு பார்சல் நீண்டது:
"பதினாலாம் மாடி. கொடுத்திடு."
கண்ணாடி ஏறியது.

நாற்பது நாடகத்தில்
இந்த அளவுக்கு என்னை யாரும் நம்பியதில்லை.

பார்சலை மன் பகதூரிடம் தந்தேன்.
அவர் சிரிக்கவில்லை.
நோட்டைத் திறந்து மணி குறித்தார், 11.40.
ஒப்படைத்தவர் கையெழுத்து என்று
விரலால் காட்டினார்.
ச. அருளப்பன் என்று போட்டேன்.

ஒளிபரப்பான இரவு திரேசா கணக்கெடுத்தாள்:
நான்கு நொடி, அதிலும் பாதி முகம்.
பெயர்ப்பட்டியல் ஓடியது.
அடுத்த நிகழ்ச்சியின் விளம்பரம்
அதைத் திரையோரத்துக்கு நெருக்கித் தள்ள,
எறும்பு வரிசைக்குள் கண்டுபிடித்தோம்:
காவலாளி 2.
"ஒண்ணு யாரு?" என்றாள்.
அந்த நாடகத்தில் வேறு காவலாளியே கிடையாது.
தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது.
முக்காலியைப் பற்றி நான் சொல்லவில்லை.

கைப்பேசி மினுங்கியது.
"அங்கள், நாளைக்கு டாக்டர்."
ஸ்டெதஸ்கோப் இருக்கிறது என்று அனுப்பிவிட்டு
என்ன நோய் என்று கேட்டேன்.
இன்னும் பதில் வரவில்லை.