செப்டம்பர் தாள்

போன வருடத்துக் காலண்டர்தான்.
கோபே துறைமுகத்தில் கப்பல் கம்பெனி கொடுத்ததை
கொழுந்தன் ரெஜின் சுருட்டிக்கொண்டு வந்தான்.
தக்கலை பஸ்ஸ்டாண்டுக்குப் பின்னால்
என் பார்லர் சுவரில்
அது செப்டம்பரிலேயே நிற்கிறது.

மற்ற தாள்களையும் பார்த்திருக்கிறேன்.
ஜனவரியில் வீடு வீடாகப் போய்க் குனிகிறார்கள்.
ஜூனில் மழை. நேர் நேராகக் கோடு.
மீன்காரன் ஒருவன் கூடையைத் தலையில் கவிழ்த்திருக்கிறான்
(மீன் எங்கே போயிற்று என்று தெரியவில்லை).
அக்டோபரில் பெண் பார்ப்பு:
ஒரு டீக்கடை, எதிரெதிர் பெஞ்சு,
தற்செயலாக வந்தவர்கள்போல
அவள் கெண்டியைப் பார்க்கிறாள், அவன் தெருவை.
நமக்கு அதற்கு நாகர்கோவிலில்
ஜவுளிக்கடை மூன்றாம் மாடி இருக்கிறது.

செப்டம்பரில் இவள்.
முதுகு நம் பக்கம், முகம் கண்ணாடிக்குள்.
சட்டையைத் தோள்வரை இறக்கி
பிடரிக்கு வெள்ளை பூசுகிறாள்.
மயிர் தொடங்கும் இடத்தில் மட்டும்
இரண்டு நாக்கு நீளத்துக்குத்
தோலைத் தோலாகவே விட்டிருக்கிறாள்.
மறதி இல்லை.
இருபது வருடம் பூசியவளுக்குத் தெரியும்,
அது கை நின்ற இடம்.

பக்கத்துப் பிரஸ் மாஹீன்
கல்யாணக் கார்டு காய்கிற நேரத்தில்
லென்ஸோடு வந்து கண்ணை ஒட்டினான்.
"காலண்டர் மெஷின்ல அடிச்சது. மூலம் மரக்கட்டை.
ஒரு நிறத்துக்கு ஒரு கட்டை.
நெத்தி முடியச் செதுக்கினவன் தனி ஆளா இருப்பான்.
உதட்டுச் செவப்பு ஒரு நூல் விலகியிருக்கு பாருங்க,
கட்டை வச்சவனுக்கு அன்னைக்கு வீட்ல சண்டை."
பிறகு சொன்னான்,
வெள்ளைக்குக் கட்டையே கிடையாதாம்.
பவுடர் என்று நாம் நினைப்பது வெறும் காகிதம்.
அவள் பூசாமல் விட்ட அந்த இரண்டு நாக்குக்குத்தான்
மை வேண்டியிருந்தது.

அவன் போய் ரொம்ப நேரம்
சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அஜிலா வந்தது விடியற்காலை மூன்றரைக்கு.
முளகுமூடு கோயிலில் ஒன்பது மணிக் கல்யாணம்.
மூன்று ஞாயிறும் ஓலை வாசித்தாயிற்று,
யாருக்கும் ஆட்சேபம் இல்லை.
நிறத்தைப் பற்றி மட்டும்
மாப்பிள்ளையின் அம்மை ஆள்விட்டுச் சொன்னாள்:
ரெண்டு ஷேடு கூட்டணும், போட்டோ இருக்கு.

நெற்றி, கன்னம், காது, காதுக்குப் பின்.
ஸ்பாஞ்சு கழுத்துக்கு வந்தபோது
கண்ணாடி வழியாகச் சுவரைப் பார்த்துக் கேட்டாள்:
"அக்கா, அவ என்னத்துக்குப் பாதியில விட்டிருக்கா?"
"அங்க உள்ள அழகு அதாக்கும்."
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
வெளியே முதல் பஸ் உறுமிக்கொண்டிருந்தது.
"எனக்கும் விடுங்க. நெட்டு மூடிரும் இல்லியா."

விட்டேன்.
இரண்டு நாக்கு. அவளுடைய நிறம்.
மல்லிகை, நெட்டு, இருபத்தாறு பின்.

ஏழு மணிக்குக் கட்டன் சாயா ஆற்றும்போதுதான் உறைத்தது:
மூன்றாம் முடிச்சுப் போட
நாத்தனார் நெட்டைத் தூக்குவாளே.

அந்த ஒன்பது மணி போன விதத்தைச் சொல்ல மாட்டேன்.
போன் வரவில்லை.
மறுநாள் அடுக்களை காணப் போனவர்கள்
வார்ப்பும் வாழைக்குலையும் முறுக்குப் பெட்டியுமாக
இந்த ரோட்டில்தான் வேனில் போனார்கள்.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை ஒருத்தி வந்தாள். புருவம் எடுக்க.
நாற்காலியில் சாய்ந்தபிறகு சொன்னாள்:
"நான் டார்வினுக்கத் தங்கச்சி.
முடிச்சு போடும்போ கண்டேன்."
நூல் என் பல்லில் இருந்தது.
"அம்மைட்ட செல்லேல்ல."

பிறகு கண்ணைத் திறந்து
சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
கை தானாகப் பின்கழுத்துக்குப் போய்
எதையோ தேடிவிட்டு மடிக்கு வந்தது.

"இதுல தேதி எல்லாம் தப்பால்லா இருக்கு" என்றாள்.

ஆமாம் என்றேன்.
அசையாமல் இருக்கச் சொல்லி
நூலை இழுத்தேன்.